சாம்பார் அவமானத்தைத் தீர்த்த சாரைப்பருப்பு

கல்யாணமான புதிதில், நாத்தனார் ஸ்டெல்லா பாயசத்துக்கென்று பொத்தி வைத்திருந்த சாரைப்பருப்பை, அதாவது சிரோஞ்சியை, துவரை என்று நினைத்துக் குக்கரில் ஏற்றிச் சாம்பார் வைத்தவள் நான். ஐந்து வருடமாக மைசூரில் எங்கள் குடும்பம் எப்போது கூடினாலும் அந்தக் கதைதான். இந்த ஜூனில் பாதிரியார் வந்து ஜெபித்து அவருடைய புது வீட்டை மந்திரிக்கும் விழா. ‘பாயசம் என் பொறுப்பு’ என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

தேவராஜ மார்க்கெட்டில் நான்கு கடை ஏறி இறங்கினேன். எல்லாப் பருப்பிலும் காறல் வாடை. என்னோடு வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தி, ஹனூரில் இருக்கும் தன் அக்கா செல்வியின் மானாவாரிக் காட்டோரம் சாரை மரம் நிற்பதாகச் சொன்னாள். வியாழக்கிழமை காலை 6.15க்கு அரசு பஸ். கொள்ளேகால் 65 கிலோமீட்டர், அங்கிருந்து ஹனூர் 25. பெண்களுக்குக் கட்டணம் இல்லை; ஆதார் காட்டினால் போதும். ஹனூரிலிருந்து செல்வியின் காட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் ஆட்டோ, 120 ரூபாய்.

மழையே பார்க்காத செம்மண்ணில் மரம் ஜம்மென்று நின்றது. கிளையில் மிஞ்சியிருந்த கடைசிக் கருநீலப் பழத்தின் புளிப்பும் இனிப்பும் நாக்கை விடவில்லை. சதையைத் தேய்த்துக் காயவைத்த கொட்டைகளை செல்வி எடுத்து வைத்திருந்தார். நான் ஆசையாக அம்மிக்குழவியால் ஓங்கி அடித்தேன். ஓடும் பருப்பும் சேர்ந்து தூளானது.

“ஏனுங்க, பாம்பையா அடிக்கறீங்க?” என்று சிரித்தார் செல்வி. “திருகைல போடோணுங்க.”

திருகையின் நடு முளையில் துணியைச் சுற்றி மேல்கல்லைச் சற்றுத் தூக்கினார். நான் மெதுவாகச் சுற்றினேன். ஓடு மட்டும் பிளந்தது. முறத்தில் புடைத்ததும் பருப்பு முழுசு முழுசாக வந்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன்! இரண்டு மணி நேரத்தில் கால் கிலோ, தோள்வலி தனி.

போகிறவர்களுக்கு: பழம் ஏப்ரல், மே. காட்டு இலாகா மரத்தில் கை வைக்காதீர்கள். கடையில் வாங்கினால் முதலில் முகர்ந்து பாருங்கள், ஃபிரிட்ஜில் வையுங்கள். நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போடலாம், பாலில் அரைத்துக் குருமாவுக்கும் விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மந்திரிப்பு முடிந்து ஸ்டெல்லா முதல் டம்ளரைக் குடித்தார். பிறகு டம்ளரை நீட்டி, “இன்னும் ஸ்வல்ப ஊத்துடி” என்றார். மூன்றாவது டம்ளரும் போனது. பந்தி முடியும்வரை சாம்பார் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. பொறுக்க முடியாமல் கடைசியில் நானே ஆரம்பித்தேன்.