இரண்டாம் முறை இழுத்த பூட்டு

பூட்டுக்காரருக்கும் தூக்கத்துக்கும் நெடுநாள் பகை. ஊரே குறட்டை விடும் நேரத்தில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பிவிடுவார். அங்கே தொங்குகிற பூட்டுகளில் பாதி அவர் விற்றவை, மீதி அவர் பழுது பார்த்தவை. போகிற போக்கில் ஒவ்வொன்றையும் ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். பூட்டு அசையாமல் நின்றுவிட்டால் அவர் முகத்தில் வரும் திருப்தி இருக்கிறதே, பரீட்சையில் பிள்ளை தேறிய தகப்பனுக்குக்கூட வராது. பிள்ளைகுட்டி என்று அவருக்கு யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

கூடப்பிறந்த அக்கா ஒருத்தி வெளியூரில் இருந்தாள். அன்று சாயங்காலம் அவள் போனில் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். மாடி அறைக்கு வெள்ளையடித்துக் கட்டிலும் போட்டாயிற்றாம். தம்பி கடையைக் காலி பண்ணிவிட்டு வந்து சேர வேண்டியதுதான் பாக்கியாம். காலையில் முடிவு சொல்லியாக வேண்டும். கடைசியாக அவள் கேட்டதுதான் அவருக்குத் தைத்துவிட்டது.

“ஒரு நாள் நீ கதவைத் திறக்கலைன்னா, ஏன்னு கேக்க அங்க யாருடா இருக்கா?”

காலையில் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். கடைக்கு வருகிறவர்கள் சாவியைப் பற்றிப் பேசுவார்கள், போய்விடுவார்கள். வேறு பேச்சு யாரும் பேசியதாக அவருக்கு நினைவில்லை.

அன்று ராத்திரி இந்த யோசனையிலேயே வீதியைச் சுற்றிவிட்டு வீட்டு வாசலுக்கு வந்த பிறகு சந்தேகம் பிடித்துக்கொண்டது. மெத்தைக்கடைப் பூட்டை இழுத்தோமா, இல்லையா? தலையைச் சொறிந்து பார்த்தும் ஞாபகம் வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தார். ஒரே இரவில் அவர் அந்த வீதிக்கு இரண்டாம் முறை போனது அதுதான் முதல் தடவை.

மெத்தைக்கடை ஷட்டரில் பூட்டு பத்திரமாகத்தான் தொங்கியது. ஆனால் உள்ளேயிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொரு ‘டக்’. பிறகு யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம். வெளியே பூட்டிய கடைக்குள் சிரிப்பா? அவர் பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ஆளில்லை. ஆனால் தன் பூட்டைத் திறக்காமல் உள்ளே போனது பேயாகவே இருந்தாலும் அவருக்கு அது மானப் பிரச்சினை. பூட்டைப் பிடித்து உலுக்கினார். சத்தம் கப்பென்று நின்றது. விடுவிடுவென்று பின்பக்கம் போய்க் கதவைத் தள்ளினார். அது சாத்தி மட்டும்தான் இருந்தது.

மெத்தை அடுக்குகளுக்கு நடுவே ஒரு கேரம் பலகை. சுற்றிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெத்தைக்கடைக்காரர், சைக்கிள்கடைக்காரர், மருந்துக்கடைக்காரம்மா. நாலாவது பக்கம் காலி.

பூட்டுக்காரருக்கு மனசு சுருக்கென்றது. தினமும் இங்கே ஆட்டம் நடந்திருக்கிறது, அவர் வாசலில் தனியாக நடந்து போயிருக்கிறார். தன்னை ஏன் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை என்று கேட்டேவிட்டார்.

மூவரும் திருதிருவென்று விழித்தார்கள். “டியூட்டியில இருக்கிற ஆளை எப்படிங்க விளையாடக் கூப்பிடுறது?” என்றார் மெத்தைக்கடைக்காரர்.

விசாரித்ததில் வேடிக்கை வெளியே வந்தது. பூட்டுக்காரரை ராத்திரிக் காவலுக்கு வைத்தது சைக்கிள்கடைக்காரர் என்று மெத்தைக்கடைக்காரர் நினைத்திருந்தார். சைக்கிள்கடைக்காரர் அதை மருந்துக்கடைக்காரம்மாவின் ஏற்பாடு என்று எண்ணியிருந்தார். அந்த அம்மாவோ மெத்தைக்கடைக்காரரின் தாராள மனசை உள்ளுக்குள் மெச்சிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் செலவில் பங்கு கேட்பார்களோ என்று மூவரும் கமுக்கமாக இருந்துவிட்டார்கள். காவல்காரர் மனசு கோணக்கூடாதென்று, அவர் இழுத்துப் பார்க்கட்டும் என்று முன்வாசலில் பூட்டைப் போட்டுவிட்டுப் பின்கதவு வழியாக வந்து போயிருக்கிறார்கள். பக்கத்துக் கடைப் பூட்டு ஆடும் சத்தம் கேட்டதுமே பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவார்களாம்.

மருந்துக்கடைக்காரம்மா நகர்ந்து இடம் விட்டார். “மழை பெய்ஞ்ச அன்னிக்கு ஒரு ராத்திரி நீங்க வரலை. பூட்டு சத்தம் கேக்காம எங்களுக்கு ஆட்டமே ஓடலை. மறுநாள் காலையில சாவி போடணும்னு உங்க வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா?”

நன்றாக ஞாபகம் இருந்தது. காய்ச்சலோடு கிடந்தவரை அந்த அம்மா எழுப்பி, எந்தப் பூட்டுக்கும் சேராத துருப்பிடித்த சாவி ஒன்றைக் கொடுத்து அதேபோல இன்னொன்று கேட்டார். போகும்போது மாத்திரை அட்டையை வைத்துவிட்டுப் போனார். மாத்திரையை விழுங்கிவிட்டு, இந்த அம்மாவுக்கு நேரம் காலமே தெரியாதா என்று அவர் வாய் நிறையத் திட்டியதும் ஞாபகம் இருந்தது. இப்போது காலிப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதல் அடியிலேயே ஸ்ட்ரைக்கரைக் குழிக்குள் போட்டார். மெத்தைக்கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

காலையில் அக்காவைக் கூப்பிட்டார். கட்டில் இருக்கட்டும், லீவு போட்டு வந்து நாலு நாள் தங்குகிறேன் என்றார். அவள் விடவில்லை, பழைய கேள்வியையே திரும்பக் கேட்டாள்.

“ஏற்கெனவே வந்து கேட்டுட்டாங்கக்கா,” என்றார். “நான்தான் சாவிக்கு வந்தாங்கன்னு நெனச்சுட்டேன்.”