என் தம்பி நட்டுக்கொண்ட முடி

என் தம்பி பூபதிராஜாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் அவனால் ஒரு சண்டை வந்தது கிடையாது. கூடப் பிறந்த பாவத்துக்கு நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இவன் கண்ணாடி முன்னால் நிற்கிற நேரத்தில் ஒரு பாத்தித் தென்னைக்குத் தண்ணீர் கட்டிவிடலாமே என்று மனசுக்குள் பல்லைக் கடிப்பேன்.

தென்னந்தோப்பு இருக்கிறது, வற்றாத போர்க்கிணறு இருக்கிறது, கறவை மாடுகள் இருக்கின்றன. வயது முப்பத்தாறு ஆகியும் பெண் மட்டும் அமையவில்லை. எங்கள் பக்கத்தில் இது புதுக் கதையா என்ன? தோப்புக்காரனைக் கட்டிக்கொண்டு சாணி வழிக்க இப்போது எந்தப் பெண்ணும் தயாராக இல்லை. பார்க்கப் போன வீடுகளில் எல்லாம், கோயமுத்தூரில் ஒரு வீடு வாங்கிக் குடிவைப்பீர்களா என்றுதான் கேட்டார்கள். அவன் நெற்றி உச்சிவரை ஏறிப் போனதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவன் மட்டும் திரும்பி வருகிற வழியெல்லாம் காரின் கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, எல்லாம் இந்த முடியால்தான் என்று புலம்புவான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சின்ன வெங்காயத்தை அரைத்துப் பூசினான். அந்த நாற்றத்தில் மாடுகூட அவனிடம் பால் கறக்க நிற்கவில்லை. கடைசியில், முடி நடப் போகிறேன் என்றான். கூட ஒரு ஆள் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், என்னை இழுத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனான். அப்பா பொங்கியண்ணனிடம் உரம் வாங்கப் போவதாகச் சொன்னான்.

அந்த இடத்தில் லோகேஷ் என்று ஒரு பையன். ஆள் பிடிக்கிறதுதான் அவன் வேலை. டை கட்டிக்கொண்டு, முன்னால் எடுத்த படம், பின்னால் எடுத்த படம் என்று வரிசையாகக் காட்டினான். முன்னால் எடுத்ததில் எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள், பின்னால் எடுத்ததில் எல்லாரும் பல்லைக் காட்டினார்கள். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், வலியே இருக்காது, மாப்பிள்ளை சினிமா நடிகர் மாதிரி ஆகிவிடுவார் என்றான். என் தம்பி அதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

உள்ளே இருந்த டாக்டரம்மா ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார். தலைக்குப் புதிதாக ஒரு முடியும் வராதாம். பின்மண்டையில் இருப்பதை எடுத்து முன்னால் நடுவார்கள், அவ்வளவுதான். அங்கே இருப்பதும் அளவுதான், எடுக்க எடுக்கக் குறையும். நடுகிற வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றே, எடுக்கிற விதத்தில்தான் வித்தியாசம். ஒரு முறையில் ஊசி கனத்துக் குழாயால் ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுப்பார்கள். புள்ளி புள்ளியாகத்தான் தழும்பு, பிற்பாடு முடியை ஒட்ட வெட்டினாலும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அன்றைக்குத் தலையைச் சிரைத்துவிட வேண்டும், நேரமும் அதிகம். இன்னொரு முறையில் பின்மண்டையில் விரல் அகலத்துக்குத் தோலையே பட்டையாக அறுத்து எடுத்து, அதிலிருந்து வேர்களைப் பிரிப்பார்கள். அறுத்த இடத்தைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மேலே இருக்கிற முடி தையலை அன்றைக்கே மறைத்துவிடும். கொஞ்ச நாள் கழுத்தைத் திருப்பினால் இழுக்கும். காதுக்குக் காது ஒரு கோடு மட்டும் சாகும்வரை இருக்கும்.

அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "மொட்டை போடற பழக்கம் உண்டா? கோயிலுக்கோ, வீட்டுக் காரியத்துக்கோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதெல்லாம் இல்லீங்க டாக்டர்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்கு அப்போதே இரண்டு முறை நெஞ்சடைப்பு வந்திருந்தது. கொள்ளி வைக்க இவன் ஒருவன்தான் மகன். வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஐயனுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவே?"

"அப்பத்த கதை அப்பப் பாத்துக்கலாம் அக்கா. ஒண்ணொண்ணா எடுக்கறதுன்னா இப்பச் சிரைச்சு உட்ருவாங்க. ஊரே கேக்கும்."

சில வாரம் ஊர் வாய்க்குப் பயந்து, ஆயுசுக்கும் கத்தி வைக்க முடியாத தலையை வாங்கிக்கொண்டான். தென்னங்கன்று வாங்கப் போனால் பத்து நாற்றுப்பண்ணை ஏறி இறங்குகிறவன், தன் தலைக்கு யோசித்த லட்சணம் இது. பட்டையாக அறுக்கிற முறைக்கே கையெழுத்துப் போட்டான்.

வலியே இருக்காது என்று லோகேஷ் சொன்னானே, மரத்துப் போக ஊசி போடும்போதே ஐயோ அம்மா என்று இவன் போட்ட சத்தம் வெளியே எனக்குக் கேட்டது. மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கி, முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்ததுதான். தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு, தோப்பில் கதண்டு கொட்டிவிட்டது என்று அப்பாவிடம் புளுகினான். அந்த மனுசன் மூச்சு வாங்க எழுந்து, கள் இறக்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு மரம் மரமாகக் கதண்டுக் கூடு தேடினார். மகனைக் கொட்டினதை விட்டுவைக்கக் கூடாதாம். இவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தான். எனக்கு அவன் முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது.

பொருக்கு உதிர்ந்தது. அடுத்து நட்ட முடியும் உதிர்ந்தது. அதுவும் டாக்டரம்மா சொன்னதுதான், வேர் உள்ளே இருக்கும், நாலைந்து மாதம் கழித்து முளைக்கும் என்று. இவன் தலையணையில் கிடந்த முடியைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு அழுதான். மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள். என் தம்பிக்கு மலை போனால் பரவாயில்லை. பழைய முடி கொட்டாமல் இருக்கத் தினமும் மாத்திரை வேறு, நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். அப்பாவின் நெஞ்சு மாத்திரை தீர்ந்தால் நான் ஞாபகப்படுத்த வேண்டும், அவன் மாத்திரை ஒரு வேளை தவறியது கிடையாது.

முடி வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வருஷம் திரும்பும்போது முன்நெற்றி மூடிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கோபாலபுரத்து யோகப்பிரியாவின் ஜாதகமும் பொருந்தியது. பள்ளிக்கூடத்தில் டீச்சர், அதிகம் பேசாத பெண். தோப்பு வீட்டிலேயே இருப்பதாகச் சொன்ன ஒரே பெண்ணும் அவள்தான். எல்லாம் முடியால் வந்த யோகம் என்று இவன் என்னிடம் மீசையை முறுக்கினான். நிச்சயத்தன்று இரண்டு பேரும் அப்பா காலில் விழுந்து எழுந்தார்கள். அப்பா சந்தோஷத்தில் அன்றைக்கு ஒரு கரண்டி பாயசம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

அடுத்த மாதமே அப்பா போய்விட்டார். காலையில் வாய்க்கால் வரை நடந்து போனவர், மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்தபடியே அடங்கிவிட்டார்.

சுடுகாட்டில் முடி எடுக்க ஆறுச்சாமி கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார். இவன், தலையில் புண் இருக்கிறது, கத்தி படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கருமாதியன்று எடுத்துக்கொள்கிறேன் என்றானாம். முழுத் தலையோடு கொள்ளி வைத்தான். அங்கிருந்து வந்த என் வீட்டுக்காரர் அர்த்தநாரி இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. டாக்டரம்மாவுக்கே ஃபோன் போட்டுக் கேட்டேன். வருஷம் ஆகிவிட்டது, நட்டது வேர் பிடித்துவிட்டது, தாராளமாக எடுக்கலாம், திரும்ப வளரும், பின்னால் கோடு தெரியும், வேறொன்றும் ஆகாது என்றார். அதை அப்படியே தம்பியிடம் சொன்னேன். கோடு தெரியுமே அக்கா என்றான். யோகப்பிரியாவுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடுமாம்.

கருமாதியன்று தோப்பில் பந்தல் போட்டிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், கோபாலபுரத்திலிருந்து யோகப்பிரியாவும் அவள் அம்மாவும்கூட. மோட்டார் ரூம் பக்கம் பலகை போட்டு, சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டு ஆறுச்சாமி காத்திருந்தார். இவன் பலகைக்குப் பக்கத்தில் நின்றான், உட்காரவில்லை. இன்னும் புண் ஆறவில்லை என்றான். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். எங்கள் அம்மா நாச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். நான் பக்கத்தில் நின்றதால் அவள் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"தழும்பு எனக்கு நிச்சயத்தன்னைக்கே தெரியுமுங்க. கால்ல உழுந்து கும்பிடறப்பப் பாத்தனுங்க. அதுக்கோசரம் யோசிக்காதீங்க. உக்காருங்க."

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறைக்க இனி ஒன்றும் இல்லை, உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் கை தானாக முன்நெற்றிக்குப் போனது.

"கல்யாணம் முடியட்டுமுங்க" என்றான். "போட்டோவெல்லாம் எடுக்கோணும். அதுக்கப்புறம் எடுத்துக்கறனுங்க."

அவள் முகத்தில் கோபமெல்லாம் இல்லை.

"பெத்தவருக்கு எடுக்காத முடி எனக்கு எதுக்குங்க?"

அவ்வளவுதான் சொன்னாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு, இலையில் உட்காராமல் பந்தலைத் தாண்டிப் போய்விட்டாள். இவன் அவள் பின்னாலும் போகவில்லை, பலகையிலும் உட்காரவில்லை.

என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். போய்ப் பலகையில் உட்கார்ந்து, மாமனுக்கு நான் எடுத்துக்கறேன், ஆரம்பிங்க என்றார். ஆறுச்சாமி தண்ணீரைத் தொட்டுத் தடவினார். என் வீட்டுக்காரருக்கு நல்ல அடர்த்தியான முடி, நரைகூட அதிகம் இல்லை. அது மண்ணில் விழுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அப்பா செத்ததற்கு வராத அழுகை வந்தது.

கருமாதி முடிவில் மொட்டைத் தலைக்குத் தாய்மாமன் உருமால் கட்ட வேண்டும். இனி இந்த வீட்டுக்கு இவன்தான் பெரியவன் என்று அதற்கு அர்த்தம். வீட்டுப் பெண்ணைக் கட்டின மருமகனுக்குக் கட்டுகிற வழக்கம் எங்களில் கிடையாது. மாமா புதுத்துண்டோடு வந்து இரண்டு தலைகளையும் பார்த்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போய் அர்த்தநாரியின் தலையில் கட்டினார். அம்மா தடுக்கவில்லை. என் தம்பி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலையில் ஒரு முடி கலையவில்லை.