சுவரைப் பார்த்த கல்

அம்மி கொத்துறது என் வேலை. தேய்ந்து வழவழன்னு ஆன கல்லை உளியால் புள்ளி புள்ளியாகப் பொளிவேன். பிரெஞ்சுக் கொடி இறங்கின அடுத்த வருசம், கடலோரத் தெருவில் சிலை செய்கிற வெள்ளைக்கார மதாம் கல் கொத்த என்னைக் கூப்பிட்டார். என் பெண்சாதியும் அங்கேயே பெருக்கித் துடைக்க வந்தாள்.

மதாம் அவளை உட்கார வைத்துக் களிமண்ணில் தலை செய்தார். மூக்குத்தி, நெற்றி வடு எல்லாம் இருந்தது. பேசிவிடுமோ என்று இருந்தது எனக்கு. ஒரு வாரம் கழித்து அதை உடைத்துத் தொட்டியில் ஊறப் போட்டார். அதே மண்ணில் இன்னொரு தலை. அதில் காது இல்லை, கூந்தல் இல்லை.

"ஏன் மதாம், நல்லாத்தானே இருந்துச்சு?"

சிலைப் படம் போட்ட ஒரு புத்தகம் காட்டினார். முதல் பக்கங்களில் பொம்பளை பொம்பளையாக இருந்தாள். தள்ளத் தள்ளக் கண் போச்சு, கை போச்சு. கடைசிப் பக்கத்தில் ஆற்றில் உருண்ட கல் மாதிரி ஒன்று. அதுவும் பொம்பளைதான் என்றார்.

"எங்க ஊர்ல இப்ப இப்படித்தான். எடுக்க எடுக்கத்தான் அவ வருவா."

என் பெண்சாதி சிரித்தாள். "இன்னாய்யா, நீ கொத்தினா அம்மி ஆவேன். இவங்க என்னைக் குழவி ஆக்குறாங்க."

மூன்றாவது தலையில் கண் இல்லை. நாலாவதில் வாய் இல்லை. அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பேச்சு நின்றது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அதுதான் நிஜம். மதாம் மேல் நான் பழி சொல்லவில்லை. ஆனால் பாயில் கிடந்தவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், அடுத்து எது போகும் என்று தேடினேன். ஒன்பதாம் நாள் செத்துப் போனாள்.

மதாம் விடவில்லை. கடைசித் தலையைக் கல்லில் செய்யலாம் என்றார். நான் கொத்தினேன், அவர் தேய்த்தார். முட்டை மாதிரி வந்தது. கழுத்துப் பக்கம் கொஞ்சம் சாய்வு. அவ்வளவுதான்.

வருசத் திதி வந்தது. படம் வைத்துப் படைக்க வேண்டும். அவளை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. "அம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள் என் நாலு வயசு மகள். நினைத்துப் பார்த்தேன். மூக்குத்தி வந்தது. முகம் வரவில்லை. மதாமிடம் போய் முதல் தலையைக் கேட்டேன்.

தொட்டியைக் காட்டினார். "அந்த மண்ணு இதுல இருக்கு." பிறகு கல்லைத் தொட்டார். "இது அவதான். எடுத்துட்டுப் போங்க."

சும்மாடு வைத்து, கல்லைத் தலையில் சுமந்துகொண்டு மூலக்குளத்தில் இருக்கிற எங்கள் வீடு வரை நடந்தேன். என் அக்கா சுற்றி வந்து பார்த்தாள்.

"உன் பெண்டாட்டியாடா இது? கோழி இட்ட மாதிரி இருக்கா."

"இதுதான் இருக்குக்கா."

"சாமி சிலைக்கே கண்ணு தொறந்த பிறகுதான் பூசை. கண்ணு இல்லாத கல்லுக்குச் சோறு போட்டா யாருடா வருவா?"

சரி என்று பட்டது. சின்ன உளியை எடுத்தேன். அவள் கண் என் கைக்குத் தெரியும் என்று நினைத்தேன். இரண்டு கண்ணையும் கொத்தி, தூளை ஊதினேன்.

ஒருத்தி பார்த்தாள். அவள் இல்லை.

அக்கா கிண்டலை விட்டுவிட்டாள். "யாருடா இவ?" மகள் அக்கா சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

இலை போட்டாச்சு. சோறு ஆறிக்கொண்டிருந்தது. கொத்தினதைத் திரும்ப ஒட்ட முடியாது. கல்லைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

பின்பக்கம் மதாம் தேய்த்தபடியே இருந்தது. அந்தச் சாய்வு. பெருக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டால், திரும்பாமல் தலையை மட்டும் இப்படித்தான் சாய்ப்பாள்.

அக்கா கற்பூரம் ஏற்றினாள். மகள் சேலையை விலக்கிப் பார்த்தாள்.

"அம்மா ஏன் சுவத்தப் பாக்குறாங்க?"

அன்றைக்குப் படைத்தோம்.

வருசா வருசம் அப்படியே படைக்கிறோம். முன்பக்கத்தைக் கை விட்டுத் துடைப்பேன். எட்டிப் பார்ப்பதில்லை. பொங்கலுக்கு வெள்ளை அடித்தால், கல்லுக்கு நேரே சுவரில் இரண்டு இடத்தில் சுண்ணாம்பு நிற்பதில்லை. கல்லோட ஈரம் என்கிறாள் அக்கா. இருக்கலாம்.