ஸ்டெல்லா தமிழாக்கிய நாற்பது போலந்துக் கவிதைகள்

முதலில் ஒரு திருத்தம். ஸ்டெல்லா டீச்சர் மொழிபெயர்த்தவை ஜெபப் பாடல்கள் அல்ல. அடக்கத்தன்று பேசியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். போப்பாண்டவர் ஒருவர் பிறந்த நாடு என்பதால், போலந்திலிருந்து வருவதெல்லாம் பக்தி என்று நம் பங்கு மக்களுக்கு ஒரு நினைப்பு.

அவள் இறந்த செய்தியை அனந்தபுரத்திலிருந்து அவள் அண்ணன் மகன் போனில் சொன்னான். "அத்தை காலையில தவறிட்டாங்க டீச்சர்" என்றவன், அதே மூச்சில், "அவங்க நோட்டு எதுனா உங்ககிட்ட இருக்குதா?" என்றான். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவள் கவிதைகளை எழுதி என்னிடம் தந்திருந்த மூன்று நோட்டுகளையும் கொடுத்துவிட்டேன். தவறு என்னுடையது.

செஞ்சியில் ஒரே பள்ளியில் அவள் வரலாறும் நான் ஆங்கிலமும் நடத்தினோம். ஓய்வுக்குப் பின், ஆங்கிலம் வழியாக அவள் தமிழாக்கிய கவிதைகளைச் சனிக்கிழமைகளில் வரிவரியாகச் சரிபார்த்தேன். "அந்த ஊர்ல அப்ப கம்யூனிஸ்ட் ஆட்சி. கவிதைய முதல்ல படிக்கிறவன் தணிக்கை அதிகாரி. அவன் கண்ணுல படாதது ஜனங்க கண்ணுல படணும்" என்பாள்.

கேள்வியைப் படிப்பதற்குள் எல்லோரும் கை தூக்கிவிடும் ஒரு கூட்டத்தைப் பற்றிய கவிதையைக் கடைவீதியில் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தோம். கடைக்காரர் படித்துப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், நம்ம வார்டு மெம்பரப் பத்தி எழுதிட்டீங்க? எனக்கு டென்ஷனா இருக்குது. வேற கடையில எடுத்துக்குங்க."

"போலந்துலயும் இதையேதான் சொல்லியிருப்பாங்க" என்று ஸ்டெல்லா சிரித்தாள்.

இன்னொன்று, போரில் இடிந்த கோயிலில் கடவுளின் பதிலுக்குக் காத்திருப்பவனைப் பற்றியது. பதில் வராது. கன்னியர் மடத்தில் படித்தவள் நான், எடுத்துவிடு என்றேன்.

"சாமி இல்லன்னா சொல்றான்? ஏன் பேசலன்னு கேக்குறான். சார் தவறின வருஷம் நீங்க கேக்கலியா டீச்சர்?"

என் கணவரைத்தான் சொன்னாள். கவிதை நோட்டில் நின்றது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவள் அண்ணன் மகன், பங்கில் ஒரு குழுவோடு சேர்ந்து அவன் கொண்டுவரும் நினைவு மலரின் அச்சுப்படியைக் காட்டினான். நாற்பதில் பத்தொன்பதுதான் இருந்தன. மேலே சொன்ன இரண்டும் இல்லை.

"இடம் இல்ல டீச்சர்."

வாழ்த்துச் செய்தி தந்த பிரமுகர்களின் படங்களுக்கு ஆறு பக்கம் இருந்தது. கவிதைகளை யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. யாராவது சொல்றதுக்குள்ள நாங்களே எடுத்துட்டோம்."

இப்படிப்பட்ட பதிலை நம்பாதிருக்க ஸ்டெல்லாவிடம்தான் கற்றேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுவே.

மலர்க் குழுவினருக்கு: நீக்கிய இருபத்தொரு கவிதைகளின் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் காரணம், முடிவெடுத்தவர் பெயர் ஆகியவற்றை அச்சுக்குப் போகுமுன் எனக்குத் தெரிவியுங்கள். போனில் வேண்டாம். எழுதி, கையெழுத்திட்டு அனுப்புங்கள்.