கை கழுவத் தண்ணீர்

ஃபுவாதினோவின் இடது முழங்கால் மடங்காது. ஏன் என்று கேட்டால் சவாயீ தீவின் அந்தக் கிராமத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தாத்தா வாக்குத் தவறியதால் வந்த சாபம் என்பாள் பெரியம்மா. ஆண்டவர் அந்த வீட்டுக்குத் தந்த வரம் என்பார் பாதிரியார். ஊசி போட வந்த நர்ஸ், சின்ன வயதில் வந்த காய்ச்சல் என்றாள். மூன்றும் ஒரே முழங்காலில் எப்படிக் குடியிருக்கும்? நாற்பது வயதாகியும் ஃபுவாதினோவுக்குப் பிடிபடவில்லை.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. வீட்டில் ஒரு துரும்பைக்கூட அவளை நகர்த்த விடமாட்டார்கள். முதல் தட்டைத் தம்பி இயாகோபோ அவளுக்குத்தான் கொண்டுவருவான். உடன்பிறந்தவளைக் கண்ணின் மணியாகப் பார்ப்பது அங்கே ஆண்களின் கடமை. சரிதான். ஆனால் மற்ற வீட்டுக் கண்மணிகள் ஊரை அதட்டுகிறார்கள், பந்தியும் பரிமாறுகிறார்கள். இவளுக்கு மட்டும் உட்காரும் வேலை. கால் நீட்டுவது எதிரே இருப்பவருக்கு அவமரியாதை என்பதால் அதன்மேல் ஒரு பாய். பணிவிடை செய்தவருக்குத்தான் அந்த ஊரில் மதிப்பு. அப்படியென்றால் தனக்குக் கிடைப்பது மரியாதையா, பரிதாபமா? கேட்டால் அன்பு என்பார்கள். அன்பிடம் எப்படிச் சண்டை போடுவது?

இயாகோபோவுக்குத் தலைவர் பட்டம் கட்டிய அன்று, விருந்தில், அவனுடைய மனைவியிடம் கேட்டே விட்டாள்.

"மரேதா, ஒரு தட்டு நான் கொண்டுபோறேனே."

"முட்டி மடங்காம எப்படி அண்ணி குனிஞ்சு போவீங்க? பெரியவங்க உக்காந்திருக்கையில நெட்டக்குத்தலா நடந்தா ஊரு சிரிக்காதா? நீங்க ராணி மாதிரி உக்காருங்க."

மரேதா கல்லடுப்புப் பக்கம் போனாள். ஃபுவாதினோ தரையில் உட்கார்ந்தாள். காலில் பாயைச் சுற்றிக்கொண்டு, சேம்பங்கிழங்கும் பன்றிக்கறியும் வைத்த ஓலைத் தட்டை முன்னால் தள்ளித் தள்ளி, தலை நிமிராமல் நகர்ந்தாள். மூத்த தலைவர் லேயாசோவின் முன்னால் போய் நின்றது தட்டு.

பேச்சு நின்றுவிட்டது. பெருங்குற்றம் செய்தவர்கள்தான் அங்கே பாய் போர்த்தி, தலை குனிந்து, மன்னிப்புக் கேட்டு வருவார்கள்.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே?" என்றார் லேயாசோ.

"ஒண்ணும் பண்ணலையே ஐயா."

"பின்ன எதுக்கு மன்னிப்பு?"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. காலில் கிடந்த பாயைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

"தப்புப் பண்ணக்கூட என்னை யாரும் விட்டதில்லைங்க. சாப்பாடு கொண்டாந்தேன்."

இயாகோபோ தலையைக் குனிந்துகொண்டான். கிழவர் தட்டை இழுத்துச் சாப்பிட்டார். போவதா இருப்பதா என்று தெரியாமல் ஃபுவாதினோ அங்கேயே இருந்தாள். இது ஏற்றுக்கொண்டதா, இல்லை இதுவும் பரிதாபமா?

சாப்பிட்டு முடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"கை கழுவத் தண்ணி எங்க? பரிமாற வந்தவ பாதியில உக்காந்துட்டா எப்படி?"

மரேதா கிண்ணத்தோடு ஓடிவந்தாள்.

"நீ எதுக்கு வர்றே? அவளைத்தான கேட்டேன்."

பிறந்ததிலிருந்து ஃபுவாதினோ வாங்கிய முதல் திட்டு. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கிண்ணத்தை வாங்கித் தள்ளினாள். தண்ணீர் தளும்பிப் பாயெல்லாம் நனைந்தது.

"பாதிதான் வந்திருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே கிழவர் கையை நீட்டினார்.