கோணன் மகள் துருகவ்வா

துருகவ்வா ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரமே ஒருத்தியின் பல்லை உடைத்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தட்டைக் காலால் தள்ளிவிட்டவள் அந்தப் பெண். வார்டன் விசாரித்தபோது துருகவ்வா சொன்ன பதில் தார்வாட் பல்கலைக்கழகம் முழுக்கப் பரவிவிட்டது.

"அவ என் தட்டத் தள்ளினா, நான் அவளத் தள்ளினேன். தட்டு அலுமினியம், வளஞ்சிருச்சு. பல்லு வளையல, நான் என்ன செய்ய?"

அதற்குப் பிறகு யாரும் அவளோடு அறையில் தங்க ஒத்துக்கொள்ளவில்லை. நானும் அங்கே கன்னட இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்ததால் அவளை அங்கே போட்டார்கள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நீ குறட்டை விடுவியா கமலாட்சி?" என்பதுதான். விடுவேன் என்றேன். "நானும்தான்" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அவள் ஊர் பெணகட்டி. ஊருக்குத் தெற்கே, தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்த மாதிகர் தெருவில் வீடு. அப்பா மைலாரப்பா தோல் வேலையும் கூலி வேலையும் பார்த்தவர். அம்மா நீலவ்வா கடலைக் காட்டில் களை பறிப்பவள். அந்தத் தெருவிலிருந்து பல்கலைக்கழகம் வரை வந்த முதல் ஆள் துருகவ்வாதான். ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள், ஊர் அம்மன் தியாமவ்வாவின் கதை.

அந்தக் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தியாமவ்வா மேல்சாதிப் பெண். ஒருவன் தன் பிறப்பை மறைத்து அவளைக் கட்டிக்கொண்டான். பிள்ளைகளும் பிறந்தன. ஒருநாள் அவன் தோல் தைக்கிறவன் மகன் என்று தெரிந்துவிட்டது. அவள் வெறிகொண்டு எழுந்தாள். அவன் எருமைக்கடாவாக மாறி ஓடினான். துரத்திப் பிடித்துத் தலையை வெட்டினாள், பிள்ளைகளையும் கொன்றாள், தீயில் இறங்கித் தெய்வமானாள். அதனால்தான் சில வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் திருவிழாவில் எருமைக்கடாவை வெட்டி, அதன் முன்னங்காலை அதன் வாயிலேயே திணித்து வைப்பார்கள். கடாவை அங்கே கோணன் என்பார்கள். மாதிகர் தெருவிலிருந்து ஒரு ஆள் 'கோணன் மகன்' என்று வந்து நிற்க வேண்டும். ஊரே அவனை வேப்பங்குழையால் அடித்து, காது கூசும்படி திட்டும். பெணகட்டியில் அந்த ஆள் மைலாரப்பா. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா.

துருகவ்வா சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு திருவிழாவில் வேப்பங்குழைக்கு நடுவே யாரோ உலக்கையைக் கொண்டுவந்துவிட்டார்கள். மைலாரப்பாவின் வலது முழங்கை நொறுங்கிப்போனது. அதற்குப் பிறகு அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பியதே இல்லை.

"ஏம்ப்பா அடிச்சாங்கன்னு கேட்டேன்" என்று ஒருநாள் துணி துவைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "நம்ம ஆளு அம்மன ஏமாத்திட்டானாம், அதுக்குத்தான்னாரு. எப்போ ஏமாத்தினான்னு கேட்டேன். தெரியலம்மா, ரொம்ப நாளைக்கு முன்னாடின்னாரு."

ஆராய்ச்சிக்காக அவள் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கடலைக் காடுகளில் அலைந்தாள். களை பறிக்கும் பெண்கள் பாடுகிற தியாமவ்வா பாட்டு வேறு மாதிரி இருந்தது. அதில் தியாமவ்வாவுக்கு அவன் யாரென்று முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் அவனோடு போகிறாள். அண்ணன்மார் ஏழு பேர் தேடி வருகிறார்கள். அவனைக் கடாவைப்போலக் கட்டி வைத்து வெட்டுகிறார்கள், குடிசையில் பிள்ளைகளோடு தீ வைக்கிறார்கள். எரிகிற குடிசையிலிருந்து எழுந்து வந்து அவள் அண்ணன்மாரைக் கேட்கிறாள்: 'என் வாசலில் கிடக்கும் தலைக்கு யார் பேர் சொல்வீர்கள்?' அவர்கள் பயந்து கோயில் கட்டுகிறார்கள்.

இந்தப் பாட்டைக் கேட்டதும் எங்கள் வழிகாட்டி இனாம்தார் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர், பயந்த சுபாவம்.

"கோயில் கதைதாம்மா மூலம். இது பின்னால யாரோ கட்டினது."

"மூலம்னு எப்படி சார் சொல்றீங்க?"

"அது எழுதி வெச்சிருக்கு."

"எழுதத் தெரிஞ்சவன் யாரு சார் எங்க ஊருல?"

அவர் சிரித்துவிட்டார். "சண்டைக்காரி. எழுது, ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுது" என்று கையெழுத்துப் போட்டார்.

அவள் எழுதினாள். அதில் ஒரு பகுதியை ஒரு வாரப் பத்திரிகை வெளியிட்டது. பெணகட்டியில் அதை முதலில் படித்தது தபால்காரர். மாலைக்குள் ஊர்த் தலைவர்களான கௌடர் வீட்டுக்குப் போய்விட்டது.

அந்த வருஷம் திருவிழா வருஷம். கௌடர் வீட்டில் அண்ணன் சிவனகௌடா, தம்பி பீமனகௌடா. கோயில் அவர்கள் கையில். துருகவ்வாவும் நானும் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன்காரர் தெரு முனைவரை வந்து நின்றார். உள்ளே வரமாட்டார்.

"மைலாரப்பா, நாள் குறிச்சாச்சு. நீ வந்து நிக்கணும்."

மைலாரப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து நின்றார். "கை ஆகாதுங்க கௌடரே. இந்தத் தடவ வரல."

"கையா கேட்டேன்? முதுகு இருக்கில்ல?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பீமனகௌடா துருகவ்வாவைப் பார்த்து, "என்ன கோணன் மகளே, அம்மன் உங்க தாத்தனோட ஓடிப்போனான்னு எழுதினியாமே? படிச்சு நாக்கு நீண்டிருச்சு" என்றான்.

"ஓடிப்போகல. நடந்துதான் போனா" என்றாள் துருகவ்வா. "பாட்டுல அப்படித்தான் இருக்கு. நீங்களும் கேக்கலாம், டேப் இருக்கு."

அவன் முகம் செத்துப்போனது. சிவனகௌடா தம்பியின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

தெருக்காரர்கள் கூடிப் பேசி, இனி யாரும் கோணன் மகனாக நிற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். மறுநாளிலிருந்து மாவு மில்லில் அவர்கள் சோளத்தை அரைக்கவில்லை. கடையில் உப்பு இல்லை என்றார்கள். ஏரிக்கரையில் நீலவ்வாவின் குடத்தைக் கல்லால் அடித்து உடைத்தார்கள். துருகவ்வா தாலுகா அலுவலகத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கும் மனு கொடுத்தாள். திருவிழாவுக்குப் பாதுகாப்பு வரும் என்றார்கள். வந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள். கோயில் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறிய நேரம். தம்பட்டம் கோயில் பக்கமிருந்து நாங்கள் இருந்த மாதிகர் தெருவை நோக்கித் திரும்புவது கேட்டது. பூசிய மஞ்சளும் குங்குமமும் வியர்வையில் வழிய ஒரு கூட்டம் வந்தது. கையில் வேப்பங்குழை, தடி, சைக்கிள் சங்கிலி. நீலவ்வா என்னைப் பிடித்து மாட்டுக் கொட்டிலுக்குள் தள்ளி, "நீ வெளியூர்ப் பொண்ணு, வாயத் திறக்காத" என்று படலைச் சாத்தினாள். படல் இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன்.

மைலாரப்பா வாசலில் உட்கார்ந்து ஒரு செருப்புக்கு வார் வைத்துக்கொண்டிருந்தார். பீமனகௌடா அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். துருகவ்வா தரையில் கிடந்த தோல் சீவும் கத்தியை எடுத்து அவன் முன்கையில் இறக்கினாள். எலும்பு தெரிந்தது. அவன் கத்திக்கொண்டு கையை உதறியதில் ரத்தம் சுவரெல்லாம் தெறித்தது. இன்னொருவனின் தொடையில் குத்தினாள். மூன்றாவது ஆள் பக்கவாட்டிலிருந்து இரும்புக் கம்பியால் அவள் முகத்தில் அடித்தான். அவள் விழவில்லை. ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கத்தியை வீசிக்கொண்டே இருந்தாள். விரல்களுக்கு நடுவே ரத்தமும் வேறு என்னவோவும் வழிந்தது. பின்னந்தலையில் ஒரு அடி விழுந்த பிறகுதான் மடங்கினாள்.

மைலாரப்பாவைக் கோயில் திடலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் போனதும் நான் படலை உடைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடியதில் கல் இடறிக் காலில் நகம் பெயர்ந்ததுகூட அப்போது தெரியவில்லை. கடாவை வெட்டி முடித்திருந்தார்கள். வெட்டிய முன்னங்காலைக் கொண்டுவந்து மைலாரப்பாவின் வாயில் திணிக்கப் பார்த்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். தடியால் தாடையில் அடித்தார்கள். திரும்பவும் அடித்தார்கள். தாடை தொங்கிப்போன பிறகும் அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போய்விட்டதால் எனக்குக் கேட்டது.

"நான் யாரையும் ஏமாத்தலங்க."

கான்ஸ்டபிள்களில் ஒருவர் எழுந்து நின்றார். மற்றவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மைலாரப்பா அங்கேயே, கடாவின் ரத்தம் தேங்கிய பள்ளத்துப் பக்கத்தில் இறந்துபோனார். நான் திரும்பி வந்தபோது தெருவில் பாதிக் கூரைகள் எரிந்துகொண்டிருந்தன. ஆட்டுக்குட்டிகளைக் கட்டி வைத்திருந்த குடிசையிலிருந்து வந்த சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது.

ஹுப்பள்ளி ஆஸ்பத்திரியில் துருகவ்வாவின் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். அப்பா போன செய்தியை நான்தான் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கட்டுப் பிரிக்கும் முன்பே போலீஸ் வந்தது, ஆறுதல் சொல்ல இல்லை. பீமனகௌடாவைக் கொல்ல முயன்றதாக அவள்மேல் வழக்கு. கொலை வழக்கில் கைதான அவனோ இரண்டு விரல் அசையாத கையோடு அதற்குள் ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டான்.

சிறைக்கு வாராவாரம் போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முதல் மாதம் ஒன்றும் பேசமாட்டாள். சோள ரொட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போவாள். ஒருநாள் அவளாகவே பேசினாள்.

"இங்க சாவந்தரவ்வான்னு ஒருத்தி இருக்கா. புருஷன அம்மிக்கல்லப் போட்டுக் கொன்னவ. தெனம் அவன் இவள அடிச்சு, கால உடைச்சு வெச்சிருக்கான். என் ஆராய்ச்சி என்னன்னு கேட்டா. கோயில் கதையச் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"புருஷனையும் கொன்னு புள்ளைங்களையும் கொன்னவளுக்குக் கோயிலு, புருஷன மட்டும் கொன்ன எனக்கு ஆயுள் தண்டனையா, உங்க தியாமவ்வாவோட வக்கீல் யாருன்னு கேட்டா."

ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்ததும் கண் குழியில் வலித்தது போலிருக்கிறது, கையால் அழுத்திக்கொண்டாள். "காகிதம் கொண்டு வா கமலா. கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கு."

கொலை வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. தெருக்காரர்கள் நிறையப் பேர் பார்த்ததைப் பார்க்கவில்லை என்றார்கள். அவர்கள் அங்கேதான் வாழ வேண்டும், குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. நான் கூண்டில் ஏறி எல்லாம் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல், "நீங்க கௌடர் சாதிதானே? உங்க ஆளுங்களுக்கு எதிரா ஏன் இவ்வளவு ஆத்திரம்?" என்று கேட்டார். "என் ஆளு செத்துக் கிடந்தது வெட்டின கடாவுக்குப் பக்கத்துல" என்றேன். அதன் பிறகு என் வீட்டில் என்னோடு பேச்சு நின்றுபோனது. பீமனகௌடாவுக்கும் கம்பியால் அடித்தவனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் கம்பிக்காரன் வெளியே வந்துவிட்டான். சிவனகௌடா பெயர் வழக்கிலேயே வரவில்லை. துருகவ்வா தன்னைக் காத்துக்கொள்ளத்தான் வெட்டினாள் என்று நீதிபதி அவளை விடுவித்தார்.

வாய்மொழித் தேர்வுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டியபடி, "ஆய்வாளர் களத்திலிருந்து விலகி நிக்கணும். நீங்க ரொம்பக் கலந்துட்டீங்க" என்றார்.

"விலகி நிக்கத்தான் பாத்தேன் சார். அவங்கதான் வீட்டுக்குள்ள வந்தாங்க."

இனாம்தார் சார் தலை குனிந்துகொண்டார். வெளிப் பேராசிரியர் இன்னும் சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, அண்ணன்மார் ஏழு பேர் என்பது மற்ற ஊர்ப் பாட்டுகளிலும் உண்டா என்று கேட்டார். அவள் ஒவ்வொரு ஊராகச் சொல்ல ஆரம்பித்தாள். பட்டம் கிடைத்தது.

கதக் பக்கத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் வேலையும் கிடைத்தது. நீலவ்வாவைக் கூட வைத்துக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவர் கேட்டு வந்தார். "அவருக்கு என் கண்ணப் பத்திக் கவல இல்லயாம், கோபத்தப் பத்தித்தான் கவலயாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அடுத்த திருவிழாவில் பெணகட்டிக் கோயிலில் கடாவுக்குப் பதில் பூசணிக்காயை வெட்டினார்கள். கோணன் மகனாக நிற்க ஆள் கிடைக்கவில்லை. அதே நாள் மாதிகர் தெருப் பெண்கள் ஏரிக்கரையில் கூடி, பட்டப்பகலில் தங்கள் பாட்டைப் பாடினார்கள். நாங்களும் போயிருந்தோம். மைலாரப்பா செத்ததிலிருந்து வாயைத் திறந்து பாடாத நீலவ்வா அன்று முன்னால் நின்று பாடினாள். குரல் கரகரத்துப் போயிருந்தது. அண்ணன்மார் தீ வைக்கும் இடம் வந்தபோது கரைமேட்டில் நின்ற ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். பெண்கள் சிதறவில்லை. கையில் கிடைத்ததை எடுத்துத் திருப்பி எறிந்துகொண்டே பாடினார்கள். துருகவ்வா டேப் ரிக்கார்டரை என் மடியில் வைத்துவிட்டு மேட்டில் ஏறினாள். ஒரு கல் அவள் நெற்றியைப் பிளந்தது. அவள் எறிந்த கல்லில் எவனோ ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். போலீஸ் வண்டி வந்ததும் பையன்கள் ஓடிவிட்டார்கள்.

நீலவ்வா மகளை இழுத்து உட்கார வைத்து, ஏரித் தண்ணீரால் நெற்றியைக் கழுவினாள்.

"ஒரு கண்ணு போனது போதாதா? மண்டையையும் குடுத்துட்டு வரியா?"

"மெதுவா அவ்வா, எரியுது."

"எரியட்டும். ஏழாவது அண்ணன்கிட்ட வந்தப்ப எழுந்து ஓடிட்ட. பாட்டு பாதியில நிக்குது."

நெற்றியில் முந்தானைக் கிழிசலைக் கட்டிவிட்டு, நீலவ்வா எழுந்து, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கினாள்.