ஜெபமணி அக்கா மீது வந்த புகார்

எங்கள் ஸ்டேஷனில் திருடனைக்கூட "வாங்க, உக்காருங்க" என்று வரவேற்கும் ஒரே ஆள் எஸ்.எஸ்.ஐ. ஜெபமணி அக்காதான். நான் அந்த ஸ்டேஷனில் ரைட்டர், பெயர் கிளமென்ட். எழுத்து வேலை, போன் எடுக்கும் வேலை, பெரிய அதிகாரி வந்தால் டீ சொல்லும் வேலை எல்லாம் என் தலையில்தான். ஒருமுறை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பிக்பாக்கெட் அடித்த ஒருவனைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். அக்கா அவனிடம், "ஏனுங்க கண்ணு, அந்தப் பர்ஸை எங்க வெச்சீங்க?" என்று கேட்டார். தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து அவன் திரும்பிப் பார்த்தான்.

அக்கா வால்பாறை தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயன் வீட்டில் பிறந்தவர். போலீஸ் வேலைக்கு மலையை விட்டு இறங்கிய அன்று, கொண்டை ஊசி வளைவு ஒன்று விடாமல் வாந்தி எடுத்தாராம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. தட்டையான கோயம்புத்தூர் ரோட்டில் ஜீப் போனாலும் அவருக்கு முன் சீட் வேண்டும், கையில் ஒரு எலுமிச்சம்பழம் வேண்டும்.

சத்தம் போடத் தெரியாத போலீஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாற்றலாகி வரும் ஒவ்வொரு இன்ஸ்பெக்டரும் முதல் வாரம் இதை யோசித்து மண்டையைப் பிய்த்துக்கொள்வார். கடைசியில் ஒருவர் விழிப்புணர்வுக் கூட்டங்களை அக்கா தலையில் கட்டினார். வேண்டாதவர்களைத் தள்ளி வைக்கத்தான் அந்த வேலை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அக்கா மட்டும் பதவி உயர்வு கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டு எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம், சர்ச், ஜமாஅத் ஹால், கல்யாண மண்டபம் என்று ஒன்றையும் விடவில்லை. நகை பாலிஷ் போடுகிறேன் என்று வருகிறவனை நம்பாதீர்கள், ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், வீட்டுச் சாவியைச் செருப்புக்கு அடியில் வைக்காதீர்கள் என்று சொல்லுவார். "அப்பறம் எங்கீங்க வெக்கறது?" என்று முன்வரிசையில் ஒரு அம்மா உண்மையான கவலையோடு கேட்பார். பூந்தொட்டிக்கு அடியிலும் கூடாது என்று தெரிந்ததும் அந்த அம்மாவுக்கு வாழ்க்கையே வெறுத்துவிடும்.

பிறகு இந்தப் போன் மோசடி வந்தது. போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோ காலில் வருவான். உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, உங்களைப் போனிலேயே கைது செய்திருக்கிறோம், கேமரா முன்னாலிருந்து நகரக்கூடாது, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பான். பயந்தவர்கள் இருப்பதையெல்லாம் அவனுக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு எங்களிடம் வந்து அழுவார்கள்.

"போனில் எந்தப் போலீஸும் கைது பண்ண மாட்டாங்க. பேச்சே வேண்டாமுங்க, கட் பண்ணிப்போடுங்க" என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார். ஜனங்கள் கேட்டார்கள், கை தட்டினார்கள், டீயும் வர்க்கியும் சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து ஒருவர் ஏமாந்து வந்து நின்றார். ஏனுங்க கட் பண்ணவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இதுதான்: "அவரு பேசிட்டிருக்கறப்ப எப்படிங்க வெக்கறது?"

வியாதி எங்கே இருக்கிறது என்று அக்காவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. எங்கள் ஊரில் போனை வைப்பது சாதாரண விஷயம் இல்லை. "வெச்சிரட்டுங்களா?" என்று கேட்க வேண்டும். அவர் "சரிங்க" என்பார், நாம் "சரிங்க" என்போம், மறுபடி அவர் ஒன்று சொல்லுவார். கூப்பிட்டவர் வைக்கும் முன்னால் நாம் வைத்துவிட்டால் அடுத்த விசேஷத்தில் அவர் முகத்தில் விழிக்க முடியாது. திருடனும் கூப்பிட்டவன்தானே. அவன் வைக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்து கொள்ளை போகிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

உடனே அக்கா பாடத்தை மாற்றினார். கோட்டைமேட்டில் ஒரு ஹாலில் பெண்கள் கூட்டம். மைக் பிடிக்க நானும் போயிருந்தேன். அக்கா மேடைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு மோசடிக்காரனாகப் போன் போட வேண்டும், மேடைக்கு வருகிறவர்கள் பட்டென்று கட் பண்ண வேண்டும். அதுதான் பயிற்சி. முதலில் வந்தவர் உம்மல் குல்சும். ஐம்பதைத் தாண்டியவர். உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பேக், சூட்கேஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நசுருதீன் பாயின் மனைவி.

"உங்களைக் கைது பண்ணியிருக்கேன்" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து அக்கா, பூப்போன்ற குரலில்.

"அப்படிங்களா சார், சாப்டீங்களா சார்?" என்றார் உம்மல் குல்சும்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. அக்கா விடவில்லை. திரும்பத் திரும்பப் போன் போட்டார். உம்மல் குல்சும் ஒருமுறை மகளுக்கு வரன் பார்க்கும் கதையைச் சொன்னார், இன்னொரு முறை "தப்பா நெனைக்காதீங்க, அடுப்புல சோறு இருக்குது" என்று அனுமதி கேட்டார். கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கட் பண்ணினார். பண்ணிய கையோடு திரைக்குப் பின்னால் ஓடி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வெச்சுக்காதீங்க, அம்மணி" என்றார்.

"இப்படித்தானுங்க பண்ணோணும். ஜெபமணின்னு என்ற பேரைச் சொல்லிக்கிட்டு வந்தாலும் கட் பண்ணிப்போடுங்க" என்று அக்கா மைக்கில் சொன்னார். "உடுப்புப் போட்டுட்டு வீடியோவுல வந்தாலும் கட் பண்ணுங்க. ஊட்டுக்காரருக்கு ஆக்சிடென்ட்டுன்னு பயமுறுத்தினாலும் கட் பண்ணுங்க. பண்ணிப்போட்டு நீங்களா ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

அந்த ஸ்டேஷன் நம்பரை ஸ்டிக்கராக அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தார். அதற்குப் பிறகு என் நிம்மதி போயிற்று. கேஸ் ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள், நிஜமா? சம்பந்தி வீட்டுக்காரர் என்று ஒருவர் பேசினார், அவர் நிஜமா? இதற்கெல்லாம் ஸ்டேஷன் போன் அடித்தது. உங்கள் சம்பந்தி நிஜமா பொய்யா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அக்காவிடம் எரிந்து விழுவேன். அவர் சிரித்துக்கொண்டே, "கேக்கறாங்களே, அதுவே பெருசுங்க கிளமென்ட்" என்பார்.

அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம். அக்கா உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பயணிகளுக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் தலைசுற்றி, படியிலிருந்து விழுந்து பின்மண்டையைத் தரையில் அடித்துக்கொண்டார். அவர் செல்போன் விழுந்த வேகத்தில் நொறுங்கிவிட்டது. அக்கா அவர் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் கூடவே போனார். அவர் சட்டைப் பையில் கடை விசிட்டிங் கார்டு இருந்தது, நசுருதீன் பாய் என்று அதில்தான் தெரிந்தது. கூடவே பாதி கிழித்த ஒரு மாத்திரை அட்டையும் இருந்தது. மாத்திரையின் பெயர் இருந்த பக்கம் கிழிந்து போயிருந்தது.

மண்டைக்குள் ரத்தம் கசிகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் அந்த மாத்திரை என்னவென்று தெரிய வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையாக இருந்தால், அதற்கு மாற்று மருந்து கொடுக்காமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது, ஆள் பிழைக்க மாட்டார். பாய்க்கோ நினைவில்லை. கார்டில் கடை நம்பரோடு வீட்டுச் செல் நம்பரும் இருந்தது.

அக்கா போன் போட்டார். "அம்மணி, நான் ஸ்டேஷன்ல இருந்து ஜெபமணி பேசறேன். உங்க ஊட்டுக்காரருக்கு..." அவ்வளவுதான், கட். மறுபடி போட்டார், கட். பக்கத்தில் நின்ற டாக்டர் தானே வாங்கிப் பேசினார். "நான் டாக்டர் பேசறேன்" என்று முடிப்பதற்குள் கட். உடுப்பில் இருக்கிறோமே, பார்த்தால் நம்புவார் என்று அக்கா வீடியோ காலில் போனார். உடுப்பைப் பார்த்ததும், முகத்தைப் பார்ப்பதற்குள், முன்னைவிட வேகமாகக் கட் ஆனது. அக்காவின் பாடம் இவ்வளவு சுத்தமாக யாருக்கும் ஏறியதில்லை.

இனியும் காத்திருக்க முடியாது என்றார் டாக்டர். அப்போதுதான் ஜெபமணி அக்கா தன் சர்வீஸில் முதல் தடவையாகக் கத்தினார். "ஏய், கட் பண்ணாதே! என்ன மாத்திரைன்னு மட்டும் சொல்லு! உன் புருசன் செத்துப் போயிருவான்!"

மறுமுனையில் உம்மல் குல்சும் இந்தத் தடவை கட் பண்ணவில்லை. திட்டினார். "தூ, வெக்கமா இல்ல உனக்கு? ஜெபமணியம்மா யாருன்னு தெரியுமாடி? எங்க தெருவுக்கு வந்து ஒவ்வொருத்தி கையையும் புடிச்சுச் சொல்லிக் குடுத்துட்டுப் போன மகராசி. அவங்க பேரைச் சொல்லித் திருட வந்திருக்கியே, நீ நல்லாருப்பியா?" சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்து ஸ்டேஷன் போன் அடித்தது. நான் அலுத்துக்கொண்டே எடுத்தேன். ஆஸ்பத்திரியில் நடந்த எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

"சார், ஒரு புகாருங்க. ஜெபமணியம்மா பேரைச் சொல்லி ஒரு திருட்டுப் பொம்பளை திரும்பத் திரும்பப் போன் போடறா. என்ற ஊட்டுக்காரர் மண்டை ஒடஞ்சு கெடக்கறாராம். கூட டாக்டருன்னு ஒரு ஆளையும் வெச்சிருக்கறா. அவரு செல்லுக்குப் போட்டா சுவிட்ச் ஆஃபுன்னு வருது. அவளை நீங்க புடிச்சே ஆகோணும்."

"போலின்னு எப்படிம்மா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"ஜெபமணியம்மா நாயைத் தொரத்துனாக்கூட வாங்க போங்கன்னுதான் சொல்லுவாங்க. இவ என்னை 'ஏய்'ங்கறா சார்!"

அக்கா அந்த மாதிரி பேசவே மாட்டார் என்று நானும் சத்தியம் செய்திருப்பேன். கூப்பிட்ட நம்பரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பாதி எழுதும்போதே என் கை நின்றுவிட்டது. தினமும் நான் கூப்பிடுகிற நம்பர் அது.

"அம்மா, அது நெஜ ஜெபமணி அக்காதாம்மா" என்றேன்.

"நீங்க நெஜப் போலீசுங்களா?" என்று கேட்டார்.

"அம்மா, ஸ்டிக்கரைப் பாத்து நீங்கதானே எனக்குப் போன் போட்டீங்க!"

"அய்யோ, என்ன மாத்திரைன்னு கேட்டாங்களே!" என்று அலறினார். பிறகு ஏதோ கீழே விழுந்தது, பீரோ கதவு திறந்தது. உம்மல் குல்சும் அழுதுகொண்டே மாத்திரை அட்டையில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்தது, ரத்தம் கெட்டியாகாமல் இருப்பதற்கு. நான் இன்னொரு கையில் என் செல்லில் அக்காவைப் பிடித்து, அதே எழுத்துகளை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் அக்கா டாக்டரிடம் கத்துவது கேட்டது. அந்தக் குரலை அடையாளம் தெரியவில்லை என்று உம்மல் குல்சுமைக் குறை சொல்ல முடியாது, எனக்கே தெரியவில்லை.

அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகக் கான்ஸ்டபிள் பொற்கொடியை ஸ்கூட்டரில் அனுப்பினேன். கண்ணீரோடு நின்ற நிலையிலும் அந்த அம்மா கதவுக்கு உள்ளேயிருந்து பொற்கொடியின் பெயரைக் கேட்டு, எனக்கு இன்னொரு போன் போட்டு உறுதி செய்துகொண்டுதான் தாழ்ப்பாளைத் திறந்தார்.

மாற்று மருந்து கொடுத்து ஆபரேஷன் முடிய மாலையாகிவிட்டது. பாய் பிழைத்துக்கொண்டார். இடது கை கொஞ்சம் மந்தம், ஜிப் மாட்ட முன்பைவிட நேரம் பிடிக்கிறது, ஆனால் கடையைத் திறக்கிறார். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவைப் பார்த்ததும் உம்மல் குல்சும், "என்னென்னமோ பேசிப்போட்டனுங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்காவின் காக்கிச் சட்டை முழுக்கப் பாயின் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நெம்பச் சரியாத்தான் பண்ணீங்க, கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் இப்படி ஒரு விஷயத்தைச் சும்மா விடுகிறவனா? மறுநாள் ஸ்டேஷனில் எல்லோரும் இருக்கும்போது, "அக்கா, உங்க மேல ஒரு புகார் வந்திருக்குது. பொதுமக்களை ஏய்ன்னு கூப்பிட்டீங்களாம். கேஸ் போடட்டுங்களா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கிளமென்ட், ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்தம்மா என்னைத் திட்டறப்ப அங்க ஒரு மனுசன் உசுருக்குப் போராடிட்டிருந்தாரு. ஆனா, எனக்காக ஒருத்தர் இப்படிச் சண்டைக்கு வர்றாங்களேன்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் வந்துச்சுங்க. இத்தனை வருச சர்வீஸ்ல யாரும் வந்ததில்லை. அந்த நேரத்துல போயி சந்தோசப்பட்டது தப்புதானுங்களே?"

கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. "தப்பில்லைங்கக்கா" என்றேன்.